முப்பத்து மூன்று பேரும் சரி

பத்தொன்பது வருடமாகச் சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடிக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஒரு ஆள் என் கூடப்பிறந்த அக்கா. டிப்போவில் இந்தக் கதைக்குக் கண் காது மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். நான் வேண்டுமென்றே இறக்கிவிட்டதாகக்கூட ஒரு கதை உலவுகிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். அதனால் யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கெடைக்கல" என்று பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி சொல்வாள்.

அவள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி, தான் இருக்கும் மகளிர் விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்றிருந்தாள். நானும் என் மனைவியும், எங்களோடு வந்துவிடு என்று கேட்டிருந்தோம். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு மூலை அறை சும்மாதான் கிடந்தது. அக்கா பிடி கொடுக்கவில்லை. "மூணு நாள் வந்து பாக்கறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனில் ஒரு சின்னப் பையோடு இறங்கினாள். அந்தப் பையில் மூன்று நாளுக்கு மேல் துணி இருக்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவள் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே இல்லை; அத்தை வீட்டில்தான் இருந்தோம். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். சோறு போட்டார், துணி எடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் அதிகப்படிதான். எதைக் கொடுத்தாலும் "இவங்களுக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்ந்தே வரும். பத்தொன்பது வயதில் வேலை கிடைத்த மறுநாளே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஒற்றை அறைக்குக் கிளம்பிவிட்டாள். பூட்டைத் திறந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "இனிமே எவங்க வீட்டுலயும் எக்ஸ்ட்ராவா நிக்க மாட்டேன்டா." எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அவள் வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. என் பேச்சை நாள் முழுக்க முப்பது பேர் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். வீட்டில் என் மனைவி கேட்பது மாதிரி பாவனை செய்கிறாள். முகத்துக்கு நேரே "போதும்டா, நிறுத்து" என்று சொல்ல இந்த உலகத்தில் அக்கா ஒருத்திதான் இருக்கிறாள். வயதாக வயதாக அந்த அதட்டல் கிடைக்காமல் எனக்கு என்னவோ போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது என் மனைவி மெல்ல ஆரம்பித்தாள். "ஊர் பிடிச்சிருக்கா அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கு. காத்துலதான் உப்பு ஜாஸ்தி. துணியெல்லாம் பிசுபிசுங்குது" என்றாள் அக்கா. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். விருந்தாளி அப்படித்தான் செய்வாள். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"நாளைக்கு என் பஸ்ல வா" என்றேன். "சன்னல் வழியா பாத்துட்டு ஊரைப் பத்திப் பேசாத. நான் காட்டறேன், அப்புறம் சொல்லு." நாங்கள் கேட்டு வராத சம்மதத்தை ஊர் கேட்டு வாங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஊர் லேசுப்பட்டதல்ல. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குன்று, நடுவில் வளைந்து வளைந்து ஒரு சாலை. கல்நெஞ்சக்காரர்களே அந்தச் சாலையில் மூன்றாவது வளைவில் கேமராவை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் பஸ்ஸில் முப்பத்து நான்கு இருக்கை. அன்று பட்டியலில் முப்பத்து மூன்று பேர். பதினேழாம் நம்பர் காலி. டிரைவர் பக்கத்தில் எனக்கென்று ஒரு மடக்கு இருக்கை உண்டு. அதில் அக்காவை உட்கார வைத்தேன். நான் எப்படியும் நின்றுகொண்டுதான் பேசுவேன்.

டிரைவரை எல்லோரும் பிரேக் அண்ணன் என்போம். புறா நடந்தால் பிரேக் போடுவார். புறா நடக்கலாமா என்று யோசித்தாலும் போடுவார். அக்கா ஏறியதும் அவர் சட்டைக் காலரைப் பார்த்தாள். "தம்பி, காலர் உள்ளுக்குள்ள மடிஞ்சிருக்கு" என்றாள். இரண்டு வருடமாக யாரிடமும் தானாகப் பேசாத மனிதர், காலரைச் சரிசெய்துகொண்டு, "காலையில சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே பாதி வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது.

என் தொழிலில் முக்கியமான வேலை பேசுவது அல்ல, எண்ணுவது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் ஏறிய பிறகு எண்ண வேண்டும். விரல் நீட்டி எண்ண மாட்டேன். ஆட்டு மந்தையில் எண்ணுவதுபோல ஆட்களுக்குத் தோன்றிவிடும். டிரைவருக்கு முதுகைக் காட்டி நின்று, ஏதாவது பேசிக்கொண்டே, தாடையை லேசாக அசைத்து இரண்டிரண்டாக எண்ணுவேன். பட்டியலில் இருக்கும் எண்ணிக்கை வந்துவிட்டால் "போலாம்ணே" என்பேன். டிரைவரையும் என்னையும் சேர்ப்பதில்லை. நாங்கள் இல்லாமல் பஸ் போகாது என்பதால் அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

முதலில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர். அங்கே நான் புயலைப் பற்றிப் பேசுவேன். பேச்சு முடியும்போது சரியாக ஓர் அலை வந்து சுவரில் மோதி எல்லோரையும் நனைக்கும். பத்தொன்பது வருட அனுபவம், நேரம் தவறாது. எல்லோரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அக்கா மட்டும் முன்கூட்டியே நான்கடி தள்ளி நின்றிருந்தாள். "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஏதோ பண்ணப்போறன்னு" என்றாள்.

அடுத்தது தூங்கும் யானைப் பாறை. அந்தப் பாறை யானை மாதிரி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் "அதோ தும்பிக்கை, அதோ காது" என்று அழுத்தமாகச் சொன்னால் எல்லோரும் பார்த்துவிட்டதாகத் தலையாட்டுவார்கள். பார்க்காதவர்கள்தான் இன்னும் பலமாக ஆட்டுவார்கள். பின் வரிசையில் பெரிய தொப்பி வைத்த ஒருவர், ஏறியதிலிருந்து முகம் சுளித்துக்கொண்டே வந்தவர், தன் பங்குக்கு "எங்க யானை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"எனக்குப் பாதி தைச்ச தலகாணி உறை மாதிரி இருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. தொப்பிக்காரர்கூடச் சிரித்தார். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பெருமை. தொழிலில் கை வைத்துவிட்டாள் என்ற கோபத்தைப் பெருமை அமுக்கிவிட்டது. அதன் பிறகு நான் எது சொன்னாலும் எல்லோரும் ஒரு நொடி காத்திருந்தார்கள், அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்க.

மூன்றாவது, குன்றின் மேலிருக்கும் பூங்கா. அங்கிருந்து கிளம்பும்போது எண்ணினேன்: முப்பத்து மூன்று, சரி. பஸ் நகர்ந்த பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. வெயில் நேராக அக்கா முகத்தில் அடித்ததைப் பார்த்து பிரேக் அண்ணன், "பின்னாடி பதினேழு காலியா இருக்குக்கா, கடல் பக்கம். அங்க போய் உக்காருங்க" என்றிருக்கிறார். அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு தொப்பிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது கொட்டாவி விட்ட ஒரு புதுமணத் தம்பதியை எழுப்பும் முயற்சியில் மும்முரமாக இருந்தேன். நான் கவனிக்கவில்லை.

நான்காவது, கலங்கரை விளக்கம். நூற்று அறுபத்தெட்டுப் படி. நாற்பது நிமிடம் நேரம் கொடுத்தேன். அக்காவிடம் மட்டும் தனியாக, "முடிஞ்சா மேல ஏறிப் பாரு. நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியும். நீலத் தண்ணித் தொட்டி" என்றேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே படிகளை அண்ணாந்து பார்த்தாள். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்றாள்.

நாற்பது நிமிடம் கழித்து எல்லோரும் ஏறினார்கள். ஒன்றரை மணிக்குப் படகு. கடல் குகைக்குள் போகும் கடைசிப் படகு அதுதான். அதற்குப் பிறகு தண்ணீர் ஏறிவிடும், குகை வாயை மூடிவிடும். மொத்தச் சுற்றுலாவிலும் ஆட்கள் ஆசையோடு வருவது அந்தக் குகைக்குத்தான். அவசரமாகத் தாடையை அசைத்தேன். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. பட்டியலில் முப்பத்து மூன்று.

"எல்லாரும் சரி. போலாம்ணே."

பஸ் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஒரு வளைவில், கடலுக்குள் தனியாக நிற்கும் ஒல்லியான பாறை வரும். அதைக் காட்டி, "மாமியார் பேச ஆரம்பிச்சதும் எழுந்து போய் நின்ன மருமகன், இன்னும் திரும்பி வரல" என்பேன். பழைய நகைச்சுவைதான், இன்னும் ஓடுகிறது. அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். நான் அக்காவின் பதிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இவ்வளவு மோசமான நகைச்சுவைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்க மாட்டாள். திரும்பினேன். மடக்கு இருக்கை மடங்கிக் கிடந்தது.

"அக்கா எங்கண்ணே?"

"பின்னாடி. பதினேழுல" என்றார் பிரேக் அண்ணன், சாலையைப் பார்த்தபடி.

பதினேழாம் இருக்கையில் ஒரு தொப்பி இருந்தது. தொப்பிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முன்னாடி வந்துட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க உங்க ஆளுதானே, உங்களுக்குத் தெரியாம எங்க போகப்போறாங்க?"

நான் போனை எடுத்து அக்காவை அழைத்தேன். தொப்பிக்கு அடியில் மணி அடித்தது. தொப்பியைத் தூக்கினால் அவள் கைப்பை. கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு பையை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். பஸ்ஸில் முப்பத்து மூன்று பேரும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிரேக் அண்ணன் பிரேக் போட்டார். அன்றைக்கு முதல் தடவையாகக் காரணத்தோடு போட்டார்.

கலங்கரை விளக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. அழைத்தேன்.

"இருக்காங்க சார். என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. ஒண்ணும் ஆகல."

"அவங்ககிட்ட குடும்மா."

போனைக் கையால் மூடிக்கொண்டு பேசும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பேச மாட்டாங்களாம் சார்."

போன உயிர் வந்தது, ஆனால் பாதிதான். அக்கா கத்தினால் எனக்குப் பயமில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயம். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் அத்தை வீட்டு வாசலில் அவள் அப்படித்தான் பேசாமல் என் கையைப் பிடித்தாள்.

பிரேக் அண்ணன் நிதானமாகச் சொன்னார். "குன்றுப் பாதை ஒன்வே. இங்கயிருந்து திரும்ப முடியாது. படகுத்துறைக்குப் போய், ஊருக்குள்ள நுழைஞ்சு, துறைமுகம் வழியா சுத்தி வரணும். முக்கா மணி நேரமாவது ஆகும். நீ இவங்களைக் கூட்டிட்டுப் படகுல ஏறு. நான் வண்டிய எடுத்துட்டுப் போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

நியாயமான யோசனை. வழிகாட்டி ஏறாமல் படகு எடுக்க மாட்டார்கள். டிரைவர் சும்மாதான் இருப்பார். ஆபீசில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் மறந்துவிட்டு வந்த குடையை ஆள் விட்டு எடுத்து வரச் சொல்வதுபோல அக்காவை எடுத்து வரச் சொல்வதா? நான் குகையில் நின்று எதிரொலி காட்டிக்கொண்டிருக்க, அவள் காலிப் பஸ்ஸில் ஏறி வருவாள். வீட்டுக்கு வந்து சின்னப் பையைக் கட்டுவாள். திங்கட்கிழமை தோழிக்குச் சரி என்பாள். என்னைத் திட்டக்கூட மாட்டாள். எனக்கு எல்லாம் கண்ணெதிரே நடப்பதுபோல் தெரிந்தது.

மைக்கை எடுத்தேன். எழுதி வைத்துப் பேசும் ஆள் இல்லை நான், ஆனால் அன்றைக்கு வார்த்தை கிடைக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். "என் அக்காவைக் கலங்கரை விளக்கத்துல விட்டுட்டு வந்துட்டேன். நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். போனா இன்னைக்குக் குகை கிடையாது. நீங்க பணம் கட்டி வந்திருக்கீங்க. வேண்டாம்னு சொன்னா நான் உங்ககூடப் படகுல வரேன். அதுதான் என் வேலை."

தொப்பிக்காரர் தொப்பியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "குகை எங்கயும் போயிடாது. உங்க அக்கா கெளம்பிப் போயிடுவாங்க. வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றார். புதுமணப் பெண், "அவங்க ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டு, தன் பையிலிருந்த ஆரஞ்சுகளைத் துழாவ ஆரம்பித்தாள். நடு வரிசையில் ஒருவர் மட்டும், அந்தக் குகைக்காகத்தான் தான் வந்ததாக முணுமுணுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிற்பாடு வேறொரு நாள் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அப்படியாக முப்பத்து மூன்று பேரும் அதே துறைமுகத்தை இரண்டாம் முறை பார்த்தார்கள். அதே யானைப் பாறையையும் பார்த்தார்கள். "இப்பப் பாத்தா எனக்கும் தலகாணி உறைதான் தெரியுது" என்றார் ஒருவர். யாரோ பாடினார்கள். நான் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அழுதேன். பிரேக் அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு புறா குறுக்கே வந்தது. அவர் ஹாரன் அடித்தார்.

கலங்கரை விளக்கத்தின் டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் பெண் அவள் முன் குனிந்து நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் சீருடைக் காலர் ஓரம் பிரிந்திருந்தது போலிருக்கிறது. அக்கா கூண்டிலிருந்து வாங்கிய ஊசி நூலால் அதைக் கழுத்தோடு வைத்தே தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்தாள். முடிச்சைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எத்தனை பேர் எண்ணின?"

"முப்பத்து மூணு."

"கணக்கு சரியா இருந்துதா?"

"சரியா இருந்துது."

"அப்ப எதுக்குத் திரும்பி வந்த?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் பெண் காலரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கூண்டுக்குள் போய்விட்டாள். அக்கா ஊசியை நூற்கண்டில் குத்தி வைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். மைக் பிடித்தால் தலைகால் புரிவதில்லை, ஊருக்கே வழிகாட்டுகிறவனுக்குத் தன் வீட்டு ஆள் கண்ணில் படவில்லை, யானை இல்லாத பாறையில் யானை தெரிகிறது, இருக்கிற அக்கா தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் குளிர்ந்தது. திட்டுகிறாள் என்றால் என்னை இன்னும் விட்டுவிடவில்லை.

"நேரத்துக்கு வர்றவதானே நீ. எங்க போன?" என்று கேட்டேன்.

"மேல."

"நூத்தி அறுபத்தெட்டுப் படியும் ஏறினியா?"

"நீதானே வீடு தெரியும்னு சொன்ன. நூறு நீலத் தொட்டி இருக்குடா இந்த ஊர்ல. எது உன்னுதுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா பாத்துட்டே வந்தேன். அப்புறம் ஒரு மாடியில மஞ்சளா ஒண்ணு ஆடிச்சு. நேத்து நான் தொவைச்சுப் போட்ட புடவை. அவ இன்னும் எடுக்கல." என் மனைவியைத்தான் சொன்னாள். "அதையே பாத்துட்டு நின்னுட்டேன். கீழ பாத்தா பஸ் போகுது. கத்தினேன். அந்தக் காத்துல எங்க கேக்கும்?"

அவள் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

"பத்து நிமிஷம் நல்லா அழுதேன்" என்றாள். "அத்தை வீடு ஞாபகம் வந்துடுச்சு. இங்கயும் நான் எக்ஸ்ட்ராதான்னு தோணிச்சு. அந்தப் பொண்ணு டீ குடுத்தா. குடிச்சிட்டு உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அத்தை வீட்டுல நம்மளை மறந்ததே இல்லடா. ஒரு நாள் கூட. வெளிய கெளம்பினா எண்ணுவாங்க, சாப்பிட உக்காந்தா எண்ணுவாங்க. எங்க வீட்டு ஆளு ஆறு, அப்புறம் இவங்க ரெண்டுன்னு. அந்த ரெண்டு எப்பவும் சரியா இருக்கும். வெளியாளை யாரும் எண்ணாம விட மாட்டாங்க."

"அக்கா..."

"இரு. நீ அந்த டிரைவர் தம்பிய எண்ணுவியா?"

"இல்ல."

"உன்னை எண்ணிப்பியா?"

"இல்ல."

"அதான்" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் உள்ளே என்னவோ உருகியது. அப்படியே தலையாட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "அக்கா, அப்படியெல்லாம் நெனச்சு நான் விடல. பட்டியல்ல முப்பத்து மூணு இருந்துது. நீ அதுல இல்ல. வந்த எண்ணிக்கை சரியா இருந்துது, கெளம்பிட்டேன். அவ்ளோதான் நடந்துது."

"தெரியும்டா. உனக்கு அவ்ளோ யோசனை ஏது?" என்றாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியில் துடைத்தாள். "இருந்தாலும் நான் இப்படித்தான் எடுத்துக்கப்போறேன். எனக்கு இது வேணும்."

அவள் எழுந்தாள், ஏறி இறங்கிய படிகளுக்கு முழங்கால் இப்போது கணக்குத் தீர்த்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இன்னொரு தடவை விட்டுட்டுப் போய்ப் பாரு, காலை ஒடிச்சிடுவேன்" என்றாள் வழியில்.

பஸ்ஸில் ஏறியதும் ஆளாளுக்கு இடம் கொடுத்தார்கள். புதுமணப் பெண் உரித்து வைத்திருந்த ஆரஞ்சை நீட்டினாள். அக்கா படியிலேயே நின்று எல்லோரையும் பார்த்து, "என்னால உங்க குகை போச்சு" என்றாள். "குகையில என்னம்மா, இருட்டுதானே" என்றார் தொப்பிக்காரர். அவள் கடல் பக்கத்துச் சன்னலுக்குப் போகவில்லை. என் மடக்கு இருக்கையை விரித்து அதில் உட்கார்ந்தாள்.

கைப்பை மறுபடியும் அலறியது. என் மனைவிதான். நான் அழுதுகொண்டே அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். அக்காவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் கிடையாது; ஸ்பீக்கரில் போட்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பேசுவாள். அதனால் முன் வரிசை முழுக்க எல்லாம் கேட்டது.

"அண்ணி, எங்க இருக்கீங்க? ஒண்ணும் ஆகலயே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். உன் புருஷன்தான் அழுது மூஞ்சி வீங்கி நிக்கறான். அதை வந்து சொல்றேன். நீ மாடியில இருந்து அந்தப் புடவையை எடுத்து மடி, வெயில்ல கலர் போயிடும்."

"சரி அண்ணி."

"அப்புறம், அந்த மூலை ரூம்ல இஸ்திரி மேஜை ஒண்ணு சன்னலை மறைச்சிட்டுக் கெடக்கே, அதை எடுத்து வேற எங்கயாவது போடு. என் தையல் மெஷின் சன்னல் பக்கம்தான் வரணும். எனக்கு வெளிச்சம் இல்லாம ஓடாது."

என் மனைவி போனை எங்கோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, கனமான மேஜை ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.